விலாங்குக்குக் கட்டிய கல்மடைகள்: புட்ஜ் பிம்மில் "சமூகப் பங்கேற்பு" என்பதன் பொருள் என்ன?

1. நீர்முள்ளி (மெல்போர்ன்)

வணக்கம். ஏரி, குளம், பாசனம் பற்றிய இழைகளில் மட்டும் எழுதிவரும் நான் இம்முறை ஒரு பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். சுற்றி வளைத்து அதுவும் நீரில்தான் வந்து முடியும். சென்ற மாதம் மெல்போர்னிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேலாக மேற்கே காரோட்டிச் சென்று, ஹேவுட் என்ற சிற்றூருக்கு அருகில் உள்ள புட்ஜ் பிம் பண்பாட்டு நிலப்பரப்பைக் குண்டிட்ஜ்மாரா மக்களைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவருடன் சுற்றிப் பார்த்தோம்.

முதல் கால்மணி நேரம் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்றதும் கோபுரமோ கோட்டையோ மனத்தில் எழுந்துவிடுகிறது. அங்கே கண்ணில் பட்டவை கரடுமுரடான எரிமலைக் கற்கள், கோரைப்புல், ஓர் ஏரி, அவ்வளவே. வழிகாட்டி கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் அந்தக் கற்கள் சிதறிக் கிடக்கவில்லை, அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது விளங்கியது. அதன் பிறகு எனக்குள் இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டார். முழங்கால் உயரக் கற்சிறைகள், உறைந்த எரிமலைக் குழம்பைக் குடைந்து வெட்டிய வாய்க்கால்கள், அவை சென்று சேரும் குட்டைகள், குட்டைக்கும் குட்டைக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் விடப்பட்ட வாய்கள் என ஒவ்வொன்றாகப் பிடிபடத் தொடங்கின. அந்த வாய்களில் புல்லால் முடைந்த நீண்ட பறிகளைச் செருகி வைப்பார்களாம். ஏரியின் நீர்மட்டம் ஏறும்போது ஒரு வரிசை மடைகளும், இறங்கும்போது வேறொரு வரிசை மடைகளும் வேலை செய்யும்படி வெவ்வேறு உயரங்களில் அவை கட்டப்பட்டிருக்கின்றன. பெரிய விலாங்கு சிக்கும், சிறியது தப்பி வளரும். பிடித்ததை உடனே உண்ண வேண்டிய கட்டாயமும் இல்லை. குட்டையில் விட்டு வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

டே ராக் எனப்படும் அந்த ஏரியின் கரையில் உள்ள ஒரு மடைத் தொகுதியின் வண்டலைக் காலக்கணிப்பு செய்தபோது, அது குறைந்தது 6,600 ஆண்டுகள் பழையது என்று தெரியவந்திருக்கிறது. உலகின் மிகப் பழைய மீன்வளர்ப்பு அமைப்புகளில் ஒன்று என்ற பெயரோடு 2019 ஜூலையில் இது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பூர்வகுடிப் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் ஆஸ்திரேலிய இடமும் இதுதான்.

இனி என் கேள்வி. நான் பணிபுரியும் துறையில் எந்தத் திட்ட அறிக்கையை எடுத்தாலும் "சமூகப் பங்கேற்பு" என்று ஒரு பக்கம் இருக்கும். நடைமுறையில் அது தேநீரும் பிஸ்கட்டும் வைத்து நடக்கும் ஒரு மாலைக் கூட்டம். முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். டே ராக்கில் நான் பார்த்தது அதுவன்று. ஏரியைப் பராமரிப்பவர்களும், களையெடுப்பவர்களும், வழிகாட்டுபவர்களும், ஏரிக்கரையில் விலாங்கு சமைத்துப் பரிமாறும் உணவகத்தை நடத்துபவர்களும் அந்த மக்களே. இது எப்படிச் சாத்தியமானது? நல்ல அதிகாரி யாரேனும் வாய்த்தாரா, சட்டமா, பணமா? இந்நாட்டில் நீண்டகாலம் வாழ்பவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

2. வடலியூரான் (டண்டெனோங்)

தங்கச்சி நீர்முள்ளிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவுஸ்திரேலியாவில் இருக்கிறேன். ஹேவுட் பக்கம் பலமுறை போயிருக்கிறேன். நல்ல அதிகாரி வாய்த்த கதையல்ல இது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இழுபட்ட காணி வழக்கு என்று நினைத்துக்கொண்டு வாசித்தால்தான் விளங்கும்.

1840களில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் அந்தப் பகுதிக்குள் நுழைந்தபோது குண்டிட்ஜ்மாரா மக்கள் அந்த எரிமலைக் கற்காட்டையே அரணாகக் கொண்டு பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். குதிரைகள் அந்தக் கற்களுக்குள் ஓட முடியாது. யூமெரல்லா போர் என்று அதற்குப் பெயர். தோற்றபின் எஞ்சியவர்களை 1860களில் கொண்டா ஏரி (டே ராக்கின் ஆங்கிலப் பெயர்) மிஷன் என்ற கிறித்தவக் குடியிருப்பில் அடைத்தார்கள். 1919 இல் மிஷனும் மூடப்பட்டது. ஆனாலும் சனங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகவில்லை. இந்தக் கதையில் முக்கியமான செய்தி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குள் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. அவுஸ்திரேலிய இராணுவத்தில் அதிகாரி நிலைக்கு உயர்ந்த முதல் பூர்வகுடி வீரர் ரெஜ் சோண்டர்ஸ் கொண்டா ஏரியில் வளர்ந்தவர். அந்தச் சமூகத்தில் இருந்து இரண்டு உலகப் போர்களுக்கும் ஆட்கள் போனார்கள். இரண்டாம் போர் முடிந்தபின், திரும்பிவந்த வீரர்களைக் குடியமர்த்தும் திட்டத்தில் மிஷன் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து வெள்ளையின வீரர்களுக்குக் கொடுத்தார்கள். அதே போர்களில் நின்ற குண்டிட்ஜ்மாரா வீரர்களுக்கு அதில் பங்கு இல்லை. 1950களில் மிஷன் தேவாலயத்தையும் இடித்தார்கள். அதே காலத்தில்தான் மேய்ச்சல் நிலத்துக்காகக் கால்வாய் வெட்டி ஏரியையும் வடியவிட்டார்கள். நீங்கள் பார்த்த மடைகள் அதன் பிறகு பல பதிற்றாண்டுகள் நீரில்லாமல் கிடந்தவை.

திருப்பம் வந்தது ஓர் அலுமினிய ஆலையால். போர்ட்லாந்தில் அல்கோவா நிறுவனம் உருக்காலை கட்ட முற்பட்டபோது, அந்த நிலத்தில் தங்கள் முன்னோரின் தொல்பொருள்கள் இருக்கின்றன என்று குண்டிட்ஜ்மாரா பெண்கள் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குத் தொடுக்கும் தகுதியே உங்களுக்கு இல்லை என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) 1981 இல் அதை மாற்றி, அவர்களுக்குத் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தது. இதன் கனம் புரிய வேண்டுமென்றால் அதற்கு முந்திய ஆண்டில் அதே நீதிமன்றம் சொன்னதையும் பார்க்க வேண்டும். 1980 இல் அவுஸ்திரேலியப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெரிய சுற்றுச்சூழல் அமைப்பு வேறொரு திட்டத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், உங்கள் அக்கறை வெறும் கருத்தளவிலானது, அது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இயற்கையை நேசிக்கிறேன் என்பவருக்குத் திறக்காத கதவு, இது என் முன்னோர் விட்டுப்போனது, இதைக் காப்பது என் கடமை என்று நின்ற இரண்டு பெண்களுக்குத் திறந்தது.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக வந்த இணக்கத்தில் மிஷன் காணியைத் திருப்பிக் கொடுக்க விக்டோரிய அரசு ஒப்புக்கொண்டது. அதன் வேண்டுகோளின் பேரில் கூட்டாட்சி நாடாளுமன்றம் 1987 இல் சட்டம் இயற்றி அதை நிறைவேற்றியது. பிறகு சிறுகச் சிறுகக் காணி வாங்கினார்கள். 2003 இல் டைரெண்டாரா என்ற இடம் பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2004 இல் தேசியப் பாரம்பரியப் பட்டியல். 2007 மார்ச் 30 அன்று ஏறத்தாழ 1,40,000 எக்டேருக்கு அவர்களுடைய பூர்வீக உரித்தை நீதிமன்றம் ஏற்றது. ஏரிக்கு அணை கட்டி நீரைத் திரும்ப நிறுத்தியது 2010 இல். யுனெஸ்கோ 2019 இல்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் காணி, பிறகு உரித்து, அதன் பிறகு நீர், எல்லாவற்றுக்கும் கடைசியில் யுனெஸ்கோ. நாங்கள் செய்திகளில் வாசித்தது கடைசி ஒன்றை மட்டும்தான்.

3. ஐயந்திரிபு (சென்னை)

வடலியூரான் ஐயாவின் பதிவுக்கு நன்றி. 1980, 1981 தீர்ப்புகளை அருகருகே வைத்துக் காட்டியது எனக்குப் புதிய செய்தி. இருந்தாலும் இழை ஒரே சுருதியில் போகக்கூடாது என்பதற்காக இரண்டு ஐயங்களை எழுப்புகிறேன்.

முதலாவது, வாய்மொழி மரபு பற்றியது. புட்ஜ் பிம் எரிமலை வெடித்ததை அம்மக்களின் முன்னோர் நேரில் கண்டார்கள், அதுவே அவர்களுடைய படைப்புக் கதையாக இன்றுவரை தொடர்கிறது என்று பல இடங்களில் உறுதியாக எழுதப்படுகிறது. 2020 இல் வெளியான ஆர்கான் காலக்கணிப்பின்படி அந்த எரிமலைக்கு ஏறத்தாழ 37,000 வயது. ஒரு கதை 37,000 ஆண்டுகள் வாய்வழியே பிழைத்திருக்கும் என்பதை நம்புவதற்கு எனக்குச் சான்று வேண்டும். நம் ஊரிலும் பழமைக்கு ஆண்டுக்கணக்கை ஏற்றிச் சொல்லும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அதனால்தான் காது கொஞ்சம் கூர்மையாகிவிடுகிறது.

இரண்டாவது, மடைகள் உணவுக்காகக் கட்டப்பட்டவை. விலாங்கைப் பிடித்து, புகையிட்டு, உண்டு, பண்டமாற்றுச் செய்த ஒரு பொருளாதாரத்தை நாம் ஏன் "இயற்கைப் பாதுகாப்பு" என்று அழைக்க வேண்டும்? அம்மக்களை இயற்கையின் காவலர் என்று பீடத்தில் ஏற்றுவதும் ஒருவகையில் அவர்களை மனிதர்களாகப் பார்க்காததுதான் அல்லவா?

4. நீர்முள்ளி (மெல்போர்ன்)

நல்ல கேள்விகள். முதல் ஐயத்துக்கு என்னால் பாதி விடைதான் தர முடியும். புட்ஜ் பிம் என்றால் "உயர்ந்த தலை" என்று பொருள் சொல்கிறார்கள். மலை ஒரு மூதாதையின் நெற்றி, வெளிவந்த எரிமலைக் குழம்பு அவருடைய பற்கள் என்பது கதை. கிழக்கே உள்ள டவர் ஹில் என்ற மற்றோர் எரிமலையும் ஏறத்தாழ அதே காலத்தது. அதன் சாம்பல் படிவுக்கு அடியில் 1940களில் ஒரு கற்கோடரி கிடைத்திருக்கிறது. ஆக, வெடித்தபோது அப்பகுதியில் மனிதர் இருந்தனர் என்பதற்குச் சான்று உண்டு. கதை அன்றைக்கே பிறந்தது என்பதற்கு அது சான்றாகாது. ஆய்வாளர்களும் "இருக்கக்கூடும்" என்ற அளவில்தான் எழுதியிருக்கிறார்கள். உறுதியாக்கியவை செய்தித் தலைப்புகள். ஆனால் 6,600 ஆண்டு என்பது கதையல்ல, வண்டலில் எடுத்த கணக்கு.

இரண்டாவது ஐயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. உணவா, பாதுகாப்பா என்று இரண்டாகப் பிரிப்பதுதான் சிக்கலே என்று நினைக்கிறேன். நம் ஊர்க் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டியது பாசனத்துக்கு, ஆனால் நீர் நின்றதால் கரைமரம் வந்தது, மரத்தில் கொக்கும் நாரையும் வந்தன, மீன் வந்தது. பாசனம் நின்று தூர்வாருவதும் நின்றால் அத்தனையும் போய்விடும். டே ராக்கில் அதே கதை தலைகீழாக நடந்தது. நீர் வடிந்ததும் சதுப்பு செத்தது. 2010 இல் நீர் நின்றதும் நாணலும் நீர்ப்பறவைகளும் திரும்பின. அந்த அணையைக் கட்டத் தூண்டியது பறவைகளின் மீதான அன்பு மட்டுமல்ல, மடைகளில் மீண்டும் நீர் ஓட வேண்டும், விலாங்கு வர வேண்டும் என்ற விருப்பம். வாழிடத்தைக் காத்தவர்கள் அந்த விலாங்கை உண்ண விரும்பியவர்கள்தான்.

அந்த விலாங்கின் வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வீடு திரும்பிய பிறகும் மறக்க முடியாதது அதுதான். குட்டைத் துடுப்பு விலாங்கு இது. குண்டிட்ஜ்மாரா மொழியில் கூயாங். நன்னீரில் பல ஆண்டுகள் வளர்ந்து, முதிர்ந்ததும் இலையுதிர் காலத்தில் ஓடை வழியே கடலுக்கு இறங்கி, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரமாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே நீந்தி, பவளக் கடலில் முட்டையிட்டு மடிகிறது. கண்ணாடி போன்ற குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து தெற்கே வந்து மறுபடியும் ஓடை ஏறுகின்றன. அண்மையில்தான் செயற்கைக்கோள் குறிகளைப் பொருத்தி இந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தார்கள். குண்டிட்ஜ்மாரா அமைப்பும் அந்த ஆய்வில் பங்காளி. ஓடையில் எங்கோ ஓரிடத்தில் தடுப்பு வந்தால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஏரியைக் காப்பது ஏரியோடு முடிகிற வேலையில்லை.

இன்னொன்று. 2019 டிசம்பரில் மின்னல் விழுந்து அப்பகுதியில் தீப்பிடித்தது. தீ அணைந்தபின் ரேஞ்சர்கள் நடந்து பார்த்தபோது, உயர்ந்த புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு மடைத் தொகுதி வெளிப்பட்டது. ஏறத்தாழ 25 மீட்டர் நீள வாய்க்கால் ஒன்றும் அதில் இருந்தது. உலகப் பாரம்பரியச் சின்னமாகி ஆறு மாதம் கூட ஆகாத நிலையில்!

5. நெறியாளர்

இடையீட்டுக்கு மன்னிக்கவும். இரண்டு வேண்டுகோள்கள். பல பூர்வகுடிச் சமூகங்களில் காலமானவர்களின் பெயரையும் படத்தையும் பொதுவெளியில் இடுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. வரலாற்றில் பதிவானவர்களைக் குறிப்பிடலாம். பயணப் படங்களில் உள்ளவர்களை அவர்களின் ஒப்புதல் இல்லாமல் இங்கே ஏற்ற வேண்டாம். "ஆதிவாசி", "பழங்குடி", "பூர்வகுடி" ஆகிய சொற்களில் எது சரி என்ற விவாதத்துக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது. எவரையும் இழிவுபடுத்தாத வரையில் அவரவர் வழக்கு அவரவருக்கு.

6. மூங்கிலடி (டார்வின்)

வடக்கிலிருந்து ஒரு குரல். நீர்முள்ளி அக்கா நீரைப் பற்றி எழுதினார், நான் நெருப்பைப் பற்றி எழுதுகிறேன். உயிரியல் படித்துவிட்டு இங்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் காட்டில் தீ வைப்பவர்களைப் பார்த்து நான் பதறியிருக்கிறேன்.

டார்வினுக்குக் கிழக்கே ஆர்ன்ஹெம் லேண்ட் என்ற பெரும் பரப்பு இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் உள்ள மணற்கல் மேட்டுநிலத்தில் வாழ்ந்த மக்கள், இருபதாம் நூற்றாண்டில் மிஷன்களுக்கும் நகரங்களுக்கும் இடம்பெயர்ந்தார்கள். ஆளில்லாத நிலம் தானாகக் காடாகித் தழைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. மழை முடிந்த கையோடு, புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு சிறு தீ வைத்துக்கொண்டே நடக்கும் மனிதர்கள் இல்லாமல் போனதால், காய்ந்த புல் ஆண்டு முழுதும் சேர்ந்து, செப்டம்பர், அக்டோபர் வெயிலில் ஒரே மூச்சாகப் பற்றி எரிந்தது. வாரக்கணக்கில் எரியும் அந்தத் தீ, அன்பினிக் எனப்படும் பழமையான மரங்கள் நிற்கும் பசுங்காட்டுத் திட்டுகளைத் தின்றது, பாறை ஓவியங்களைப் புகையும் வெப்பமும் தாக்கின, சிறு பாலூட்டிகள் குறைந்தன.

முதியவர்கள் சிலர் மீண்டும் மேட்டுநிலத்துக்குச் சென்று 2000களின் தொடக்கத்தில் கபுல்வர்னம்யோ என்ற இடத்தில் குடியிருப்பு அமைத்தார்கள். அவர்களுடைய அறிவையும் விஞ்ஞானிகளின் செயற்கைக்கோள் வரைபடங்களையும் சேர்த்து 2006 இல் ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தீ மேலாண்மைத் திட்டம் தொடங்கியது. முன்பருவத்தில் எரித்தால் பின்பருவப் பெருந்தீ குறைகிறது. பெருந்தீ குறைந்தால் மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு வெளியேற்றமும் குறைகிறது. குறைந்த அளவைக் கணக்கிட்டு விற்கலாம். டார்வினில் இயற்கை எரிவாயு ஆலை நடத்திய கோனோகோபிலிப்ஸ் நிறுவனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் என்ற அளவில் 17 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தது. 2009 இல் அங்கே வார்டெக்கென் பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதி ஏறத்தாழ 14 லட்சம் எக்டேரில் அறிவிக்கப்பட்டது.

ஐயந்திரிபு அவர்களே, எரிவாயு எடுப்பவரின் பாவத்தைக் கழுவ இவர்கள் புல் எரிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுவிடுகிறேன். அந்த நெருடல் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசாங்கத்தின் ஆண்டு நிதிநிலை அறிக்கையை நம்பியிராத பணம். அதைக்கொண்டுதான் ரேஞ்சர்களின் சம்பளமும், குழந்தைகள் பெற்றோருடனேயே தங்கிப் படிக்க 2015 இல் தொடங்கிய பள்ளியும் நிலைபெற்றன. பள்ளி இல்லாவிட்டால் குடும்பங்கள் நகரத்துக்குத் திரும்பிவிடும்; குடும்பங்கள் போனால் தீயை யார் வைப்பது? ஓர் அன்பினிக் திட்டின் உயிர் ஒரு தொடக்கப்பள்ளியில் தங்கியிருக்கிறது என்பதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

7. செம்மண் (பெர்த்)

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கத் துறையில் வேலை செய்பவன், ஆகவே என் சோறும் அந்த மண்ணிலிருந்துதான் வருகிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது முறையல்ல.

நீங்கள் சொல்வது வெற்றிக் கதைகள். பில்பராவில் 2020 மே 24 அன்று நடந்ததையும் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும். ஜூக்கன் பள்ளத்தாக்கில் இரண்டு பாறைக் குகைகள். அவற்றில் ஒன்றில் 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து சென்ற தடயம் இருந்தது. மனிதக் கூந்தலைப் பின்னிச் செய்த, ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமையான அரைக்கச்சின் துணுக்கு ஒன்று அங்கே கிடைத்தது. அதன் மரபணு இன்றைய புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களோடு உறவு காட்டியது. அதாவது நேரடி முன்னோர் என்று சொல்லக்கூடிய உறவு. ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாது எடுக்க அந்த இடத்தை வெடிவைத்துத் தகர்த்தது.

அது சட்டத்தை மீறி நடக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துவது. மாநிலத்தின் 1972 ஆம் ஆண்டுப் பூர்வகுடிப் பாரம்பரியச் சட்டத்தின் 18 ஆம் பிரிவின்படி அமைச்சர் 2013 இல் அனுமதி கொடுத்துவிட்டார். குகையின் உண்மையான மதிப்பு 2014 அகழாய்வில்தான் தெரியவந்தது. புதிய செய்தி கிடைத்தால் பழைய அனுமதியை மறுபரிசீலனை செய்ய அச்சட்டத்தில் வழியே இல்லை. நிலத்தை வைத்திருப்பவர் மேல்முறையீடு செய்யலாம், அந்த மக்கள் செய்ய முடியாது. கூட்டங்கள் எல்லாம் நடந்தன, குறிப்புகள் எல்லாம் எழுதப்பட்டன. நீர்முள்ளி சொன்ன தேநீரும் பிஸ்கட்டும் அங்கே குறைவில்லாமல் இருந்தன. விருந்து எவ்வளவு பெரிதானாலும் கடைசிக் கையெழுத்து வேறொருவருடையது.

அதன்பின் நாடாளுமன்ற விசாரணை நடந்தது, நிறுவனத் தலைவர் பதவி விலகினார், மாநில அரசு 2021 இல் புதிய சட்டம் கொண்டுவந்தது. 2023 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்து, ஐந்தாறு வாரங்களில், நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பைக் கண்டு, திரும்பப் பெறப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பழைய சட்டமே சில திருத்தங்களோடு மீண்டும் வந்தது. மேல்முறையீட்டு உரிமை இப்போது அம்மக்களுக்கும் உண்டு, அது ஒரு முன்னேற்றம். ஆனால் கையெழுத்து இடம் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூர்வகுடிப் பாதுகாப்புப் பகுதி என்ற அறிவிப்பு தனிச்சட்டத்தால் வருவதன்று. மக்களும் கூட்டாட்சி அரசும் விரும்பிச் செய்துகொள்ளும் உடன்படிக்கை. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1998 இல் நந்தவரினா என்ற முதல் பகுதி அறிவிக்கப்பட்டதிலிருந்து இன்று நாட்டின் காப்பகப் பரப்பில் பாதிக்கு மேல் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. அந்த அறிவிப்பு மட்டும் சுரங்கத்தைத் தடுத்து நிறுத்தாது. நிதியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. நாட்டின் காப்பகப் பரப்பில் பாதியைத் தவணை முறையில் காத்துக்கொண்டிருக்கிறோம்.

8. வடலியூரான் (டண்டெனோங்)

தம்பி செம்மண் மனசாட்சியோடு எழுதியிருக்கிறார். அவர் சொன்ன கையெழுத்துக் கணக்கில் விக்டோரியா சற்று வித்தியாசமானது என்பதை மட்டும் சேர்க்கிறேன். இங்கே 2006 ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின்படி பதிவுபெற்ற பூர்வகுடி அமைப்பு ஒவ்வொன்றும் தன் பகுதியில் வரும் பண்பாட்டுப் பாரம்பரிய மேலாண்மைத் திட்டத்தை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். குண்டிட்ஜ்மாரா மக்களின் குண்டிட்ஜ் மிர்ரிங் அப்படிப் பதிவுபெற்ற அமைப்புதான். மறுத்தால் கட்டுபவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அது உண்மை. ஆனாலும் முதற்கையெழுத்து அவர்களுடையது. நிறை குறை எல்லாவற்றோடும் சொல்கிறேன், நீர்முள்ளி கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு விடை.

9. ஐயந்திரிபு (சென்னை)

இரண்டாவது ஐயத்தை மூங்கிலடியும் நீர்முள்ளியும் பெரும்பாலும் தீர்த்துவிட்டார்கள். பயன்பாடும் பாதுகாப்பும் எதிரெதிர் என்ற எண்ணத்தை நான் எங்கிருந்து எடுத்துக்கொண்டேன் என்று யோசிக்கிறேன். ஆயினும் ஒரு முள் இருக்கிறது. 2025 மார்ச்சில் புட்ஜ் பிம் தேசியப் பூங்காவில் மின்னலால் தீப்பிடித்து ஏறத்தாழ 2,200 எக்டேர் எரிந்ததும், காயம்பட்ட, பட்டினி கிடந்த கோலாக்கள் நூற்றுக்கணக்கில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டதும் இங்கே வரை செய்தியாக வந்தன. சமூகம் சார்ந்த பாதுகாப்பின் முன்மாதிரி என்று நாம் போற்றும் அதே இடத்தில் இது எப்படி நிகழ்ந்தது?

10. நீர்முள்ளி (மெல்போர்ன்)

இதை நானும் தேடிப் படித்தேன்; எளிதான விடை இல்லை. சுடும் முடிவை எடுத்தது மாநில அரசின் துறை. எரிமலைக் கற்கள் நிறைந்த அந்த நிலத்தில் தரைவழியே அணுக முடியவில்லை, துன்புறும் விலங்குகளை விடுவிக்க வேறு வழியில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். மேலிருந்து பார்த்து ஒரு விலங்கின் நிலையை எப்படித் துல்லியமாகக் கணிக்க முடியும், குட்டிகள் என்ன ஆகும் என்று விலங்கு நல அமைப்புகள் கேட்டன. அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அத்தனை கோலாக்கள் அங்கே எப்படி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 1970களில் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை. பெருகி, மன்னா கம் என்ற யூகலிப்டஸ் மரங்களின் இலைகளை மொட்டையடிக்கும் அளவுக்கு நெருங்கின. சுற்றிலும் காகிதக்கூழுக்காக நட்ட நீல யூகலிப்டஸ் தோப்புகள் அவற்றுக்கு மேலும் உணவளித்தன. தோப்பை வெட்டும்போது அங்கிருந்தவை பூங்காவுக்குள் ஒதுங்கின. அந்த மன்னா கம் மரங்களின் பொந்துகளில்தான் முன்னோர் விலாங்கைப் புகையிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆக, நாம் கொஞ்சிப் படம் எடுக்கும் கோலா தின்றுகொண்டிருந்தது வாழிடத்தையும் பண்பாட்டுச் சின்னத்தையும் ஒருசேர. பூங்காவின் நிருவாகத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் பங்காளிகள் என்றாலும், கோலாவைக் கொண்டுவந்து விட்டதும், தோப்புகளுக்கு அனுமதி கொடுத்ததும் அவர்கள் இல்லை. பழைய முடிவுகளின் விளைவு ஒரு நாள் தீயோடு சேர்ந்து வந்து அவர்கள் வாசலில் இறங்கிவிட்டது.

இதோடு மனத்தில் கிடந்த ஒரு சொல்லையும் கேட்டுவிடுகிறேன். அவர்கள் தங்கள் நிலத்தை "கண்ட்ரி" என்கிறார்கள், "த" (the) என்ற ஆங்கிலச் சொல் கூட இல்லாமல், ஒரு ஆளைப் பெயர் சொல்லி அழைப்பதுபோல. கண்ட்ரி நோய்ப்பட்டிருக்கிறது, கண்ட்ரிக்கு நம்மைத் தெரியும் என்பார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "நிலம்" என்றால் பத்திரமும் பட்டாவும் நினைவுக்கு வருகின்றன.

11. மூங்கிலடி (டார்வின்)

"நாடு" என்ற பழைய சொல்லே போதும் அக்கா. இன்று நாம் அதைக் கடவுச்சீட்டு கொடுக்கும் அரசுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். அதற்கு முன் மலைநாடும் கொங்குநாடும் இருந்தன. ஆனால் நோய்ப்படுவது, நம்மை அடையாளம் காண்பது என்ற பொருள் அதில் முழுதாக வராது. "மண்" என்று சொன்னால் கொஞ்சம் கிட்டே வருகிறது.

12. வடலியூரான் (டண்டெனோங்)

எங்கள் ஊரில் "ஊர் மண்" என்போம். புலம்பெயர்ந்தவனுக்கு அதன் கனம் தெரியும். ஆனால் ஒன்று: நான் விட்டுவந்த மண் ஒன்று, நான் வீடு வாங்கி வைத்திருக்கும் மண் இன்னொருவருடையது. டண்டெனோங்கில் எங்கள் பட்டாவுக்கு அடியில் யாருடைய கண்ட்ரி இருக்கிறது என்று இவ்வளவு காலமாக நான் தேடிப் பார்க்கவில்லை. இந்த இழையால்தான் தேடினேன்.

13. செம்மண் (பெர்த்)

எங்கள் பக்கம் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாறைச் செதுக்குகள் உள்ள முருஜுகா 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே கடற்கரையில் எரிவாயு ஆலை 2070 வரை இயங்க அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது. ஆலைப் புகை அந்தச் செதுக்குகளை அரிக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே கலந்தால் விலாங்கு காணாமல் போய்விடும்.

14. நீர்முள்ளி (மெல்போர்ன்)

தொடங்குங்கள், வருகிறேன். என் முதல் பதிவின் வரைவில் "கைவிடப்பட்ட மடைகள்" என்று ஒரு தொடர் இருந்தது. இடுவதற்கு முன் ஏதோ ஒரு தயக்கத்தில் நீக்கியிருந்தேன். வடலியூரான் ஐயாவின் பதிவைப் படித்தபின் அது எவ்வளவு பெரிய பிழையாகியிருக்கும் என்று தெரிகிறது. அவர்கள் எங்கே கைவிட்டார்கள்? நீரைத்தான் யாரோ வடியவிட்டார்கள்.

அடுத்த இலையுதிர் காலத்தில், விலாங்கு கடலுக்கு இறங்கும் பருவத்தில், மீண்டும் போவதாக இருக்கிறோம். மெல்போர்ன் உறுப்பினர்கள் யாரேனும் சேர்ந்துகொள்ள விரும்பினால் தனிமடல் அனுப்பவும். அவர்களே நடத்தும் சுற்றுலாவில் முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். தனியாகப் போய் மடைக்கற்களில் ஏறி நிற்க வேண்டாம்.

15. வடலியூரான் (டண்டெனோங்)

நானும் மனைவியும் வருகிறோம். எல்லாரும் கெட்டியான சப்பாத்து போட்டுக்கொண்டு வாருங்கள். போன முறை செருப்போடு போய், குதிரைகள் ஏன் அந்தக் கற்காட்டுக்குள் நுழையவில்லை என்பதைக் காலாலேயே படித்துவிட்டு வந்தேன்.